ஆல்-இன்-ஒன் கணினி வாங்கும் முன்: அந்தத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். பிராசஸரும் ஏறத்தாழ 2018-க்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். வீட்டு மேசையில் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் பல இந்த இரண்டிலுமே தேறாது. அதனால்தான் ‘வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாமா’ என்ற பேச்சு இப்போது பல வீடுகளில் நடக்கிறது.

அப்படித் தேடத் தொடங்கியவர்களின் கண்ணில் முதலில் படுவது ஆல்-இன்-ஒன். தனியாக சிபியு பெட்டி கிடையாது, வயர்களின் சிக்கல் கிடையாது, பார்க்கவும் அழகு. குழப்பம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கணினிகள் நிற்கும். ஒரே அளவுத் திரை, ஒரே வெள்ளை நிறம், ஒரே கம்பெனி. ஒன்றின் விலை மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மலிவானதன் அட்டையில் சேமிப்பிடம் ‘1 டிபி’ (ஏறக்குறைய 1,000 ஜிபி) என்றிருக்கும், விலை கூடியதில் ‘512 ஜிபி’ என்றிருக்கும். பார்த்தவுடன் மலிவானதுதான் லாபம் என்று தோன்றும். ஏன் அப்படி இல்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உள்ளே இருப்பது லேப்டாப்

திரையையும் கணினியையும் ஒரே கூட்டுக்குள் வைப்பது புதிய யோசனை அல்ல. 1984-இல் வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் அப்படித்தான் இருந்தது. அதன் திரை வெறும் 9 அங்குலம். 1998-இல் வந்த ஐமேக் அதே யோசனையை வண்ணப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்து வீடுகளுக்குள் நுழைந்தது. அந்தக் காலத்துத் திரைகளுக்குப் பெரிய கண்ணாடிக் குழாய் தேவைப்பட்டதால், கூட்டுக்குள் மற்ற பாகங்களுக்கும் இடம் தாராளமாக இருந்தது. இன்றைய திரை தட்டையானது. அதன் முதுகில் ஓரிரு அங்குல இடம்தான் மிச்சம். மதர்போர்டு (பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகை), விசிறி, ஸ்பீக்கர் எல்லாமே அந்த இடத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

இதில் முதல் எதிரி வெப்பம். சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர் 65 வாட் என்ற அளவை ஒட்டி வடிவமைக்கப்படுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றக் கனமான உலோகத் தகடும் பெரிய விசிறியும் வேண்டும். ஆல்-இன்-ஒன்னில் அதற்கு இடமில்லை. எனவே வீட்டு உபயோகத்துக்கான மாடல்களில் பெரும்பாலும் லேப்டாப்புக்கென்று செய்த, 15 வாட் அளவிலான பிராசஸர்களையே பொருத்துகிறார்கள். பிராசஸர் பெயரின் கடைசியில் ‘யூ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இந்த ரகம். ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் தகவலை வைத்திருக்கும் நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமித்து வைக்கும் சிப்), வைஃபை கார்டு என எல்லாமே லேப்டாப் அளவுதான்.

இது குறை அல்ல. இணையம், கடிதம், கணக்கு, வீடியோ அழைப்பு, பிள்ளைகளின் பாடம் போன்றவற்றுக்கு இன்றைய 15 வாட் பிராசஸர் தாராளமாகப் போதும். மின்சாரச் செலவும் சத்தமும் குறைவு. ‘டெஸ்க்டாப்தானே, லேப்டாப்பைவிட வலுவாக இருக்கும்’ என்ற நினைப்போடு மட்டும் வாங்கக் கூடாது. பேட்டரி இல்லாத, பெரிய திரை கொண்ட லேப்டாப் என்று மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

இரண்டு ஆயுள், ஒரே கூடு

ஆல்-இன்-ஒன் விஷயத்தில் மிக முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். விளம்பரத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

1. திரைக்கு ஆயுள் அதிகம். பின்னொளி தரும் எல்இடி விளக்குகளுக்குச் சாதாரணமாக 30,000 மணி நேரம் என்று கணக்கு வைக்கிறார்கள். தினமும் 6 மணி நேரம் என்றால் 13 ஆண்டுகளுக்கு மேல் வரும்.

2. கணினிப் பகுதிக்கு ஆயுள் குறைவு. அது பழுதாக வேண்டும் என்றுகூட இல்லை. மென்பொருள் கனமாகிக்கொண்டே போகும், ஒருநாள் ஆதரவும் நின்றுபோகும். விண்டோஸ் 10 கதை அதுதான்.

3. தனி மானிட்டர் இருந்தால் கணினியை மட்டும் மாற்றலாம். ஆல்-இன்-ஒன்னில் கணினி காலாவதியானால் நல்ல திரையும் கூடவே போகிறது. திரை உடைந்தால் நல்ல கணினி முடங்குகிறது.

இந்த மூன்றாவது சிக்கலிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு: எச்டிஎம்ஐ ‘இன்’, அதாவது வெளியிலிருந்து வரும் படத்தை உள்ளே வாங்கும் துளை. இங்கேதான் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். ஏறக்குறைய எல்லா ஆல்-இன்-ஒன் கணினிகளிலும் ஓர் எச்டிஎம்ஐ துளை இருக்கும். அது பெரும்பாலும் ‘அவுட்’, அதாவது இந்தக் கணினியின் படத்தை இன்னொரு திரைக்கு அனுப்புவதற்கு. வெளியிலிருந்து வரும் படத்தை இந்தத் திரையில் காட்ட வேண்டுமென்றால் ‘இன்’ துளை வேண்டும். சில மாடல்களில்தான் அது இருக்கிறது. இரண்டும் ஒரே வடிவம் என்பதால் கண்ணால் பார்த்து வேறுபாடு தெரியாது. துளைக்கு மேலே பொறித்திருக்கும் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும், அல்லது தயாரிப்பாளரின் விவரத் தாளில் தேட வேண்டும்.

‘இன்’ இருந்தால், ஏழெட்டு வருடம் கழித்துக் கணினிப் பகுதி தளர்ந்துபோனாலும் லேப்டாப்பையோ சின்ன மினி பிசியையோ செருகி அதே திரையைப் பயன்படுத்தலாம். ஆப்பிள்கூட ஒரு காலத்தில் இதற்கு வழி வைத்திருந்தது: 2009 முதல் 2014 வரை வந்த ஐமேக்குகளில் பலவற்றை வேறொரு மேக்கின் மானிட்டராக மாற்ற முடிந்தது. அதற்குப் பிறகு வந்த ஐமேக்குகளில் அந்த வசதி இல்லை.

‘இன்’ இல்லாத மாடல் என்றால் ஒரே ஒரு வழிதான்: கணினிப் பகுதி நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும்படி இன்றே தேர்ந்தெடுப்பது. கீழே வரும் பகுதிகள் எல்லாம் அதற்காகத்தான்.

பிராசஸர்: பெயரைப் படிக்கும் முறை

பிராசஸரைப் பின்னால் மாற்ற முடியாது. மதர்போர்டிலேயே அதைப் பற்றவைத்திருப்பார்கள். ஆகவே பெயரைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

1. செலரான், பென்டியம், அத்லான் ஆகிய பெயர்களில் குறைந்த விலைக் கணினிகள் இன்னமும் விற்பனைக்கு வருகின்றன. உதாரணமாக செலரான் ஜே4025: 2019-இல் வந்தது, இரண்டே கோர். கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒரு பிரிவு. வைரஸ் சோதனை ஒரு கோரைப் பிடித்துக்கொண்டால், வீடியோ அழைப்புக்கு மிச்சம் ஒன்று. இதைத் தவிர்ப்பது நல்லது.

2. என்100 என்ற இன்டெல் பிராசஸர் 2023 தொடக்கத்தில் வந்தது. நான்கு சிறிய கோர்கள் (வேகம் குறைவு, இழுக்கும் மின்சாரமும் குறைவு), 6 வாட். பழைய செலரானைவிட நிச்சயம் மேல். ஒருவர் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றால் சமாளிக்கும். வீட்டில் மூன்று பேர் மாறி மாறிப் பயன்படுத்தி, ஆளுக்குப் பத்து டேப் திறந்து வைப்பதாக இருந்தால் திணறும்.

3. ஐ3-1215யூ போன்ற பெயரில் முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறையைக் குறிக்கும்: 12-ஆவது தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டு பெரிய கோர், நான்கு சிறிய கோர். வீட்டு உபயோகத்துக்கு நான் சொல்லும் குறைந்தபட்ச அளவு இதுதான். 2024-இலிருந்து இன்டெல் பெயரிலுள்ள ‘ஐ’யை எடுத்துவிட்டு ‘கோர் 3’, ‘கோர் 5’ என்று விற்கிறது. ‘கோர் 3 100யூ’வும் இதே வரிசையைச் சேர்ந்ததுதான். ‘ஐ3-என்305’ என்று கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள்: பெயரில் ஐ3 இருந்தாலும் அது என்100-இன் குடும்பம். எட்டுக் கோர்களும் சிறிய கோர்கள்.

4. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் முதல் இலக்கத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அது விற்பனைக்கு வந்த ஆண்டை ஒட்டியது. உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். ரைசன் 3 7320யூ-வில் அது 2. அப்படியென்றால் 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. ரைசன் 5 7530யூ-வில் அது 3. ஜென் 3 வடிவமைப்பு, ஆறு கோர். எண்ணில் சின்ன வேறுபாடுதான், பயன்பாட்டில் பெரிய வேறுபாடு. அது மட்டுமல்ல, 7320யூ, 7520யூ இரண்டும் மதர்போர்டில் பற்றவைத்த ரேமோடு மட்டுமே வேலை செய்யும். பின்னால் ரேம் கூட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ரேம்: 4 ஜிபி போதாது, 8 ஜிபி நிபந்தனையோடு

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது கணினி தொடங்குவதற்கான அளவு. நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவு அல்ல. 4 ஜிபியில் பாதிக்கு மேல் விண்டோஸே எடுத்துக்கொள்ளும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்குத் தேவையான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகும். மிச்சத்தில் பிரவுசர் திறந்தால், நிரம்பி வழிவதை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். ‘கம்ப்யூட்டர் ஹேங் ஆகுது’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

8 ஜிபி இன்றைக்குப் போதும். ஆனால் அது பற்றவைத்த 8 ஜிபியா, கழற்றி மாட்டக்கூடியதா என்று கேளுங்கள். கழற்றக்கூடிய லேப்டாப் ரேம் பட்டைக்கு சோடிம் என்று பெயர். சோடிம் இடம் காலியாக ஒன்று இருந்தால் 8 ஜிபி வாங்கி, பிறகு இன்னொரு 8 ஜிபி சேர்க்கலாம். ஒன்றுக்கு இரண்டு பட்டை இருந்தால், ரேமிலிருந்து தகவலை ஒரே நேரத்தில் இரண்டு வழியில் எடுக்கத் தெரிந்த பிராசஸர்களில் கிராஃபிக்ஸ் வேகமும் கூடும். என்100-க்கு அந்த லாபம் கிடையாது, அதற்கு ஒரே வழிதான். பற்றவைத்தது என்றால் தொடக்கத்திலேயே 16 ஜிபி வாங்குங்கள். ஆப்பிள் 2024-இல் எம்4 ஐமேக்கைக் கொண்டுவந்தபோது அடிப்படை மாடலையே 16 ஜிபியாக்கியது. அதற்கு முன்பு 8 ஜிபிதான். அதிலும் ரேமைப் பின்னால் கூட்ட வழியில்லை.

‘1 டிபி’ என்ற பெரிய எண்

இப்போது அந்த இரண்டு கணினிகளுக்கு வருவோம். 1 டிபி என்று எழுதியிருந்தது பெரும்பாலும் எச்டிடி, அதாவது சுழலும் தட்டு கொண்ட ஹார்டு டிஸ்க். 512 ஜிபி என்றிருந்தது எஸ்எஸ்டி.

எச்டிடி ஏன் மெதுவாக இருக்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். இந்த வகைக் கணினிகளில் வரும் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி நொடி. தேவையான தகவல் தட்டில் எங்கோ இருக்கும். அது படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை நொடிக்கு நூறு முறைகூட எடுக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது எடுக்க வேண்டியவையோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும்.

இதனால் என்ன நடக்கும் என்றால், நல்ல பிராசஸர் இருந்தாலும் எச்டிடி உள்ள கணினி பட்டனை அழுத்தியபின் நம்மைக் காக்கவைக்கும். அதே கணினியில் எஸ்எஸ்டி போட்டால் ஆளே மாறிவிடும். ஆகவே 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி எச்டிடியைவிட மேல். படங்களும் வீடியோவும் நிறைய இருந்தால் அவற்றுக்கு வெளியே ஒரு யூஎஸ்பி டிஸ்க் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பெயரும் கண்ணில் படலாம்: இஎம்எம்சி. பெரும்பாலும் 64 அல்லது 128 ஜிபி அளவில், மதர்போர்டில் பற்றவைத்து வரும். சுழலும் பாகம் இதிலும் இல்லை. ஆனால் எஸ்எஸ்டியின் வேகம் கிடையாது. 64 ஜிபி என்றால் விண்டோஸின் பெரிய அப்டேட் வரும்போது இடமே இருக்காது. வேண்டாம்.

திரை

வருடக்கணக்கில் கண் பார்க்கப்போவது இதைத்தான். 21.5, 23.8, 27 அங்குலம் ஆகியவைதான் வழக்கமான அளவுகள். மூன்றிலும் பெரும்பாலும் 1920×1080 புள்ளிகள்தான். அதே எண்ணிக்கைப் புள்ளிகளைப் பெரிய பரப்பில் பரப்பினால் எழுத்தின் கூர்மை குறையும்: 21.5-இல் அங்குலத்துக்கு 102 புள்ளி, 23.8-இல் சுமார் 93, 27-இல் சுமார் 82. 27 அங்குலம் வாங்குவதாக இருந்தால் 2560×1440 புள்ளிகள் உள்ளதைத் தேடுவது நல்லது. இல்லையென்றால் 23.8 அங்குலம்தான் நடுவாந்தரமான, நிறைவான அளவு.

பேனல் வகையில் ஐபிஎஸ் அல்லது விஏ என்று இருக்கட்டும். டிஎன் என்றால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் வெளிறும்; குடும்பமாக உட்கார்ந்து வீடியோ அழைப்பு பேசும்போது ஓரத்தில் இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். பிரகாசம் 250 நிட் இருந்தால் அறைக்குள் போதும். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் போதாது.

ஸ்டாண்டையும் கவனியுங்கள். பெரும்பாலானவை முன்னும் பின்னும் சாயும், உயரத்தை மாற்ற முடியாது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். உயரம் மாற்ற முடியாத ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பலகை வைக்க வேண்டிவரும். தொடுதிரைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கையை நீட்டிக்கொண்டே எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியும்? அந்தப் பணத்தை ரேமில் போடலாம்.

துளைகள், கேமரா, வைஃபை

இவற்றில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வைஃபை 6 இருந்தால் நல்லது. கேமரா 1080பி இருந்தால் முகம் தெளிவாகத் தெரியும், 720பி மங்கல். யூஎஸ்பி துளைகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். எல்லாம் முதுகில் இருந்தால், ஒவ்வொரு முறை பென்டிரைவ் செருகும்போதும் எழுந்து நின்று, திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்னால் தடவித் தேட வேண்டும். பக்கவாட்டிலோ கீழ் விளிம்பிலோ ஒன்றாவது இருக்கட்டும்.

மின்சாரமும் பழுதும்

உள்ளே லேப்டாப் பாகங்கள் என்றாலும் பேட்டரி கிடையாது. மின்சாரம் போன கணத்தில் அணைந்துவிடும். சேமிக்காத வேலை போய்விடும். மின்தடை வழக்கமாக உள்ள இடம் என்றால் சின்ன யூபிஎஸ் ஒன்றையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். இந்தக் கணினிகள் இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் பெரிய யூபிஎஸ் தேவைப்படாது.

பவர் அடாப்டர் வெளியே, லேப்டாப்பைப் போலத் தனியாக இருப்பது ஒரு நன்மை. பழுதானால் அதை மட்டும் மாற்றிவிடலாம். உள்ளே பொதிந்திருந்தால் கூட்டைத் திறக்க வேண்டும். அப்புறம், திறப்பதிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. சில மாடல்களில் பின்மூடியை நாலைந்து திருகு கழற்றினால் எடுத்துவிடலாம். சிலவற்றில் திரையையே முன்பக்கமாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். ஒட்டுப் பசையை வெட்டி எடுக்கும்போது கண்ணாடி கீறும் அபாயம் உண்டு. சேவைக் கையேட்டைச் சில தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். வாங்கும் முன் அதைத் தேடிப் பார்த்து, ரேமையும் எஸ்எஸ்டியையும் எப்படிக் கழற்றுவது என்ற பக்கத்தைப் படித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

யாருக்கு இது வேண்டாம்

வீட்டில் ஏற்கெனவே நல்ல மானிட்டர் இருந்தால் ஆல்-இன்-ஒன் வாங்குவதில் அர்த்தமில்லை. உள்ளங்கை அளவு மினி பிசி ஒன்று போதும். மானிட்டரின் முதுகில் 100×100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால், அதற்கு வெசா என்று பெயர். உரிய தகடு மூலம் மினி பிசியை அங்கேயே மாட்டிவிடலாம். மேசையில் இடமும் அடைக்காது, இரண்டையும் தனித்தனியாக மாற்றவும் முடியும். நகர்த்திக்கொண்டு போக வேண்டியவருக்கு லேப்டாப்பும் ஒரு மானிட்டரும் பொருத்தம். கேம் விளையாடவும் வீடியோ எடிட் செய்யவும் தனி கிராஃபிக்ஸ் கார்டு போடும் டெஸ்க்டாப்தான் சரி.

மீதி யாருக்கு? ஒரே இடத்தில் நிற்கும், பலரும் பகிர்ந்துகொள்ளும், ஒரு பிளக்கில் வேலை முடியும் கணினி வேண்டும் என்பவர்களுக்கு. வயதானவர்களுக்கு இது உண்மையிலேயே வசதி. எந்த வயர் எதில் போகும் என்ற கவலை இல்லை, எழுத்தைப் பெரிதாக்கினாலும் திரையில் இடம் இருக்கும்.

கடையில் இரண்டு நிமிடம்

காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் இதைச் செய்து பாருங்கள்.

1. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள்.

2. ‘சிபியு’வைத் தொட்டால் பிராசஸரின் முழுப் பெயர் வலது மேல் மூலையில் வரும். அட்டையில் வெறும் ‘ரைசன் 3’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் இங்கே எண் தெரிந்துவிடும்.

3. ‘மெமரி’யில் ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியைப் பாருங்கள். ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் பற்றவைத்தது. அதற்கு மேலேயே எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும்.

4. ‘டிஸ்க்’ என்பதற்குக் கீழே எச்டிடி, எஸ்எஸ்டி என்று வகை எழுதியிருக்கும்.

5. பின்னால் போய் எச்டிஎம்ஐ துளைக்கு மேல் ‘இன்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு துளை இருந்தால் இரண்டையும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே திரை முழுவதும் வெள்ளை, பிறகு கறுப்பு என்று மாற்றி எரியாத புள்ளி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டு விசிறிச் சத்தம் கேளுங்கள், தூக்க நிலைக்கு அனுப்பி எழுப்பிப் பாருங்கள். மாற்றிக்கொள்ளும் காலக்கெடு முடியும்வரை அட்டைப் பெட்டியையும் உள்ளே இருக்கும் நுரை அச்சையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இது முன்பக்கம் முழுக்கத் திரையாக இருக்கும் கணினி. அந்த நுரை இல்லாமல் திருப்பி அனுப்பினால் வழியிலேயே உடைந்துவிடும்.